தாய்லாந்தில் ‘தமின்’ என்றால் கொடூரமா?

கேள்வி: நான் கும்பகோணத்துப் பெண். பாங்காக்கில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாலையில் தாய்லாந்து மொழி வகுப்புக்குப் போகிறேன். போன மாதம் ஆசிரியை 1992 மே மாதப் போராட்டத்தைப் பற்றிப் பாடம் எடுத்தார். அதற்கு அங்கே ‘ப்ருத்சபா தமின்’ என்று பெயர். ‘தமின்’ என்றால் கொடூரமான என்று பொருள் சொல்லிவிட்டு, சட்டென்று என்னைப் பார்த்து முகம் சிவந்து பேச்சை மாற்றிவிட்டார். வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தால் முதல் பொருள் தமிழர், அடுத்த பொருள் கொடூரம்! அலுவலகத்தில் இதை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஒருவர், நான் கொஞ்சம் குரலை உயர்த்தினாலும் ‘தமின் வந்துவிட்டது’ என்று கேலி செய்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ, ‘ராஜேந்திர சோழன் அடித்த அடி ஆயிரம் வருஷமாகியும் மறக்கவில்லை பார், பெருமைப்படு’ என்கிறார்கள். எனக்குப் பெருமை வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது? இங்கே என்னை நான் எப்படி அறிமுகப்படுத்திக்கொள்வது? இன்னும் சிலர் ‘கெக்’ என்கிறார்கள். அது மரியாதையான சொல்லா, இல்லையா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஆசிரியை ஏன் முகம் சிவந்தார் என்று யோசித்தீர்களா? சிறு வயதிலிருந்து அந்தச் சொல்லை எத்தனையோ தடவை சொல்லியிருப்பார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ரத்தமும் சதையுமாக ஒரு கூட்டம் இருக்கிறது என்பது உங்களைப் பார்த்த அந்த நொடியில்தான் அவருக்கு உறைத்திருக்கிறது. தமிழுக்கும் தாய்லாந்து மொழிக்கும் இடையே மொழிபெயர்ப்பில் காலம் தள்ளுகிறவன் நான். இந்தச் சங்கடத்தைப் பல தாய்லாந்து முகங்களில் பார்த்திருக்கிறேன். அதில் வெறுப்பு இருந்ததில்லை.

அகராதி சொன்னது சரிதான். சொல் ஒன்று, வேலை இரண்டு. முன்னால் எது நிற்கிறது என்று பாருங்கள். ‘கொன்’, அதாவது ஆள், முன்னால் வந்தால் ‘கொன் தமின்’, தமிழர். ‘பாஸா தமின்’ தமிழ் மொழி. பாஸா நம் பாஷைதான். நம் மாநிலம் அவர்கள் செய்தித்தாளில் ‘ரத் தமின்நாடு’. இதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை. ஆனால் உள்ளம் என்று பொருள்படும் ‘ஜை’ முன்னால் வந்து ‘ஜை தமின்’ ஆனால், ஈவிரக்கமில்லாத கல்நெஞ்சு. இன்னும் வலுவாகத் திட்ட ‘தமின் ஹின்னசாத்’ என்று ஒரு தொடர் உண்டு. ஹின்னசாத் என்பது ஹீன ஜாதி. ஆக, கொடூரமும் இழிபிறப்பும் சேர்ந்த வசவு. படிக்கும்போது யாருக்கும் சுருக்கென்று இருக்கும்.

இந்த வசவிலேயே சொல்லின் ஊர் தெரிகிறது. ஹீனமும் ஜாதியும் சந்தையில் பழகி எடுத்த சொற்கள் இல்லை. பௌத்த மடத்துப் பாலி மொழிச் சொற்கள். பாலி என்பது பழைய பௌத்த நூல்களின் மொழி. ‘தமின்’ என்பதும் அப்படித்தான். அடுத்த வகுப்பில் அதை எழுத்தெழுத்தாக எழுதிப் பாருங்கள். தாய்லாந்துக் குழந்தைகள் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு பொருளின் பெயரோடு மனப்பாடம் செய்வார்கள் அல்லவா? இந்தச் சொல்லில் முதலில் ‘தொ தஹான்’, சிப்பாய்த் தகரம். அடுத்து ‘மொ மா’, குதிரை மகரம். கடைசியில் ‘லொ சுலா’, சுலா என்கிற பெரிய காற்றாடியின் பெயரை வைத்த ளகரம். அந்தக் கடைசி எழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேச்சில் அதற்கும் சாதாரண லகரத்துக்கும் இப்போது வித்தியாசமே கிடையாது. அப்புறம் எதற்கு வைத்திருக்கிறார்கள்? பாலியிலிருந்தும் சமஸ்கிருதத்திலிருந்தும் வந்த சொற்களை மூலம் மாறாமல் எழுதத்தான். கடிகாரத்துக்கு அவர்கள் சொல்லும் ‘நாலிகா’வில் அந்த எழுத்து உண்டு. நம் நாழிகைக்கு உறவுக்காரச் சொல் அது.

எழுதியிருப்பதை அப்படியே இந்திய முறையில் வாசித்தால் ‘தமிள’ வரும். பாலி நூல்கள் நம்மைக் குறிக்கும் ‘டமில’ என்கிற அதே சொல். சொல்லின் முடிவில் லகரம் வந்தால் அவர்கள் வாயில் னகரமாகிவிடும். ஃபுட்பால் அங்கே ‘ஃபுத்பொன்’ ஆவதைக் கேட்டிருப்பீர்கள். அப்படித்தான் எழுத்தில் தமிள, பேச்சில் தமின்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உங்கள் வாட்ஸ்அப் குழு.

ராஜேந்திரன் கதையில் பாதி உண்மை. 1025 வாக்கில் அவன் கப்பற்படை ஸ்ரீவிஜயத்தின் மேல் போனது. உங்கள் ஊருக்கு ஒரு மணி நேரத் தொலைவில், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வென்ற ஊர்ப் பட்டியலே இருக்கிறது. அதில் வரும் மாதமாலிங்கம் இன்றைய நகோன் சி தம்மராத் பகுதி. இலங்காசோகம் பட்டானிப் பக்கம். இரண்டும் இன்றைய தாய்லாந்துக்குள் இருக்கும் இடங்கள். ஆகவே அடி விழுந்தது நிஜம்.

ஆனால் அடி வாங்கியவர்கள் வேறு, இந்தச் சொல்லைச் சொல்கிறவர்கள் வேறு. ராஜேந்திரன் காலத்தில் அந்தத் தீபகற்பத்தில் தாய்லாந்து மொழி பேசும் அரசு எதுவும் கிடையாது. சுகோதை அரசு தலையெடுத்ததே 13ஆம் நூற்றாண்டில்தான். அதை விடுங்கள். நேரில் கண்டு பயந்தவன் வாயில் நேரில் கேட்ட பெயர் நிற்கும். தமிழரோடு நேரில் பழகிய மலாய்க்காரர் வாயில் அப்படி நின்ற சொல் ‘கெலிங்’, கலிங்கத்திலிருந்து வந்தது. பினாங்கில் 1801இல் தமிழ் முஸ்லிம்கள் தலைவர் கட்டிய பள்ளிவாசலுக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்றே பெயர். துறைமுகத்தில் பிறந்த பெயர் அப்படி இருக்கும். ‘தமின்’ பாலி ளகரத்தோடு, ஒரு எழுத்துப் பிசகாமல் வந்திருக்கிறது. ஏட்டில் ஏறி வந்த சொல் அது. சோழப் படைக்கு இதில் பங்கில்லை. பெருமைப்பட நினைக்கிறவர்கள் வேறு இடத்தில் தாராளமாகப் பெருமைப்படலாம்.

நேரில் வந்த தமிழர்கள் அங்கே விட்டுப்போன தடயம் வேறு மாதிரி. கிராபி மாகாணத்துக் குளோங் தோம் என்ற இடத்தில் ஒரு உரைகல் கிடைத்தது. பொன்னை உரசிப் பார்க்கிற கல். அதில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ் பிராமியில் பொறித்திருக்கிறது. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். தன் கல் தொலைந்துபோகக் கூடாது என்று பெயர் வெட்டி வைத்த ஒரு தட்டார்! தக்குவா பாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, அவனிநாரணம் என்ற குளம் வெட்டியதையும் அதை மணிக்கிராமத்தார் பொறுப்பில் விட்டதையும் சொல்கிறது. மணிக்கிராமத்தார் வணிகக் குழுவினர். தட்டாரையும் குளம் வெட்டியவர்களையும் பார்த்து யாரும் ‘கொடூரம்’ என்ற சொல்லை உண்டாக்கியிருக்க மாட்டார்கள்.

சரி, ஏடு எங்கிருந்து வந்தது? இலங்கையிலிருந்து.

இலங்கையிலும் தொடக்கத்தில் இந்தச் சொல் சாதுவாகத்தான் இருந்தது. அநுராதபுரத்தில் கிறிஸ்துவுக்கு முந்தைய ஒரு பிராகிருதக் கல்வெட்டு ‘தமேட’ இல்லறத்தார் சிலர் கட்டிய மேடையைப் பற்றிச் சொல்கிறது. யார் யார் எங்கே உட்கார வேண்டும் என்று இருக்கைக்கு இருக்கை பெயர் வெட்டியிருக்கிறார்கள். அதில் ஒருவர் கப்பலோட்டி. ஊர்ச் சபை மாதிரி அமைதியாகக் கூடி உட்கார்ந்திருந்த தமிழர்கள் அவர்கள். பெயர் கெட்டது பிக்குகள் எழுதிய வரலாற்று நூல்களில்தான். 5ஆம் நூற்றாண்டு வாக்கில் பாலியில் எழுதப்பட்ட மகாவம்சத்தில் கதைத்தலைவன் சிங்கள அரசன் துட்டகைமுனு. அவன் வென்ற எதிரி எல்லாளன், சோழ நாட்டுத் தமிழன். விகாரைகளையும் புத்த சாசனத்தையும் காக்க நடந்த போராக அந்த நூல் அதைப் பாடுகிறது. அதன் தொடர்ச்சியாகிய சூளவம்சத்தில் சோழர் படையெடுப்புகள் வருகின்றன. 1215இல் கலிங்க மாகன் வந்து பொலன்னறுவையைச் சூறையாடியதும் வருகிறது. அவன் கூட்டிவந்த தமிழ், கேரளப் படைவீரர்கள் தாதுகோபங்களை, அதாவது பௌத்தத் தூபிகளை, இடித்ததையும் ஏடுகளைப் பிய்த்தெறிந்ததையும் அழுதுகொண்டே எழுதியிருக்கிறார்கள். மடத்தை இழந்தவனின் எழுத்து வேறு எப்படி இருக்கும்?

இத்தனைக்கும் அதே மகாவம்சம் எல்லாளனைக் கெட்டவன் என்று சொல்லவில்லை. ஆராய்ச்சி மணி கட்டியவன், கன்றை இழந்த பசுவுக்காகச் சொந்த மகனையே தேர்க்காலில் இட்டவன் என்கிறது. நம் திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையேதான். அவன் இறந்த இடத்தில் துட்டகைமுனு நினைவிடம் எழுப்பி, அந்த வழியே போகிறவர்கள் வாத்தியத்தை நிறுத்தி மரியாதை செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டதாகவும் அதே நூலில் இருக்கிறது. கடல் தாண்டிப் போன ‘டமில’ என்ற சொல்லோடு இந்தப் பகுதி மட்டும் சேர்ந்து போகவில்லை.

சயாமுக்கு, தாய்லாந்தின் பழைய பெயர் அது, அந்த நூல்கள் வந்த வழி தெளிவானது. 13ஆம் நூற்றாண்டில் இலங்கைத் தேரவாத பௌத்தம் ‘லங்காவொங்’ என்ற பெயரில், இலங்கை வம்சம் என்று பொருள், நகோன் சி தம்மராத் வழியாகச் சுகோதைக்குப் போனது. 1292 தேதியிட்ட ராம்கம்ஹெங் மன்னன் கல்வெட்டு, பிக்குகளின் தலைவரான சங்கராஜர் நகோன் சி தம்மராத்திலிருந்து வந்தவர் என்கிறது. பிக்குகள் மட்டுமா வந்தார்கள்? அவர்களோடு பாலி நூல்கள், உரைகள், கதைகள், அவற்றில் வரும் எதிரிகள் எல்லாம் வந்தார்கள். பிற்பாடு பாங்காக்கின் முதலாம் ராமன் என்ற மன்னர் காலத்தில் மகாவம்சம் அவர்கள் மொழியிலேயே பெயர்க்கப்பட்டது. சயாமியக் கிராமத்து மடத்தில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்கிற ஒரு குடியானவருக்கு ‘தமின்’ யார்? புத்தர் கோயிலை இடிக்கிறவன். வேறு எந்தத் தமிழனையும் அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. அசுரன், அரக்கன் மாதிரி அதுவும் ஒரு பாத்திரம். பாத்திரத்தின் பெயர் நாளடைவில் குணத்தின் பெயராகிவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு முரண்பாடு உண்டு, சொல்லாமல் விட மனசில்லை. இலங்கைப் பௌத்தம் சயாமுக்குள் நுழைந்த அதே நகோன் சி தம்மராத்தின் அரசன் சந்திரபானு. அவனும் பௌத்தன்தான். 1247இல் இலங்கைமேல் படையெடுத்துத் தோற்றான். சில ஆண்டுகள் கழித்து மறுபடி போனபோது யாரைக் கூட்டிக்கொண்டு போனான் தெரியுமா? பாண்டிய, சோழ நாட்டுத் தமிழ் வீரர்களை! சூளவம்சமே இதைச் சொல்கிறது. தமிழர் கொடியவர் என்ற சொல் வந்து இறங்கிய துறைமுகத்தின் ராஜாவுக்குத் தமிழர்கள்தான் கூட்டாளி.

நாம் மட்டும் யோக்கியமா என்று கேட்டுப் பாருங்கள். பாட்டிமார் ‘அடப் படுபாவி சண்டாளா’ என்று திட்டுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்? சண்டாளர் என்பதும் பழைய வடமொழி, பாலி நூல்களில் ஒரு மக்கள் பிரிவின் பெயர். ஏட்டின் வழியே வந்து, கொடியவன் என்ற பொருளில் நம் வாயில் ஒட்டிக்கொண்டது. திட்டிய பாட்டிக்கு எந்தச் சாதியும் நினைவில் இருந்திருக்காது. ஆனால் கேட்கிற இடத்தில் இருந்தவர்களுக்கு வலித்திருக்கும். அதனால்தான் இன்று அந்தச் சொல்லைப் பொதுவில் சொல்லத் தயங்குகிறோம். உங்கள் அலுவலகக் கேலிக்காரருக்கும் நம் பாட்டிக்கும் நிலைமை ஒன்றுதான். சொல்கிறவர் நினைத்துச் சொல்லவில்லை என்பதும் நிஜம், உங்களுக்கு எரிச்சல் வந்தது நியாயம் என்பதும் நிஜம்.

அந்த 1992 விஷயத்துக்கு வருகிறேன். தேர்தலில் நிற்காத ராணுவத் தளபதி சுச்சிந்தா பிரதமரானதை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மே 17 இரவிலிருந்து ராச்சதம்னோன் சாலைப் பக்கம் ராணுவம் சுட்டது. அரசுக் கணக்கில் 52 பேர் இறந்தார்கள். 20ஆம் தேதி இரவு மன்னர் பூமிபோல் சுச்சிந்தாவையும் போராட்டத் தலைவர் சாம்லொங்கையும் தரையில் உட்கார வைத்துப் பேசியதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. சுச்சிந்தா 24ஆம் தேதி விலகினார். அந்த நாட்களுக்குத்தான் ‘ப்ருத்சபா தமின்’ என்ற பெயர் நின்றுவிட்டது. ப்ருத்சபா என்பது ரிஷபம், அவர்கள் மே மாதத்தின் பெயர். ஆக ‘கொடிய மே’. அந்தப் பெயரில் தமிழன் எங்கேயும் இல்லை. சுட்டவன், செத்தவன் எல்லாரும் அவர்கள் ஆட்கள்.

அவர்களிலேயே பலருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. காரணம் நாம் இல்லை. கொன்றவனின் கொடுமையை மட்டும் சொல்கிறதே, எதிர்த்து நின்ற மக்களைச் சொல்லவில்லையே என்பது அவர்கள் ஆதங்கம். அதனால் ‘ப்ருத்சபா ப்ரச்சாதம்’ என்று இன்னொரு பெயர் வழங்குகிறது. பிரஜை, தர்மம் இரண்டும் சேர்ந்த சொல். சுருக்கமாக ‘ப்ருத்சபா 35’ என்றும் சொல்வார்கள். புத்த ஆண்டு 2535இன் கடைசி இரண்டு எண்கள். வகுப்பில் நீங்கள் இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். ஆசிரியைக்குச் சொல்லாமலே புரிந்துவிடும்.

அவரிடம் பேச வேண்டும் என்று தோன்றினால் வகுப்பு முடிந்து தனியாகப் பேசுங்கள். எல்லார் முன்னாலும் கேட்டால் அவருக்கு ‘சியா நா’, முகம் கெட்டுப்போகும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எந்த வரலாறும் காதில் ஏறாது. பெரிய விளக்கமும் வேண்டாம். ‘இந்தச் சொல் மகாவம்சத்திலிருந்து வந்தது என்று படித்தேன் கா’ என்று மட்டும் ஆரம்பியுங்கள். ‘கா’ பெண்கள் பேச்சில் சேர்க்கும் மரியாதை ஒட்டு. பாலி என்றால் அங்கே தனி மரியாதை. பேச்சு தானாக வளரும். விருப்பமிருந்தால் அரண்மனைப் பிராமணர் சடங்கைப் பற்றியும் சொல்லுங்கள். பாங்காக்கின் சிவப்பு ஊஞ்சல் கம்பத்தைப் பார்த்திருப்பீர்கள். ஊஞ்சலாடுவது 1935லேயே நின்றுவிட்டாலும், பக்கத்துக் கோயிலில் ‘த்ரியம்பவாய் த்ரீபவாய்’ சடங்கு மார்கழி, தை வாக்கில் இன்றும் நடக்கிறது. அந்தப் பெயர் திருவெம்பாவை, திருப்பாவை. மாணிக்கவாசகர் பாட்டை உச்சரிப்பு உருமாறி இன்றும் ஓதுகிறார்கள். ஆனால் அவர்களுக்கு அது ‘ப்ராம்’, பிராமணர் விஷயம். ‘தமின்’ என்று யாரும் நினைப்பதே இல்லை. நேரில் தெரிந்த தமிழுக்கு அங்கே வேறு பெயர்கள். அறியாத தமிழருக்குத்தான் இந்தப் பெயர்.

நேரில் தெரிந்தவர்களுக்குப் பெயர் என்ன என்றால், அதுதான் நீங்கள் கேட்ட ‘கெக்’.

இதன் மூலம் சீன மொழியில் விருந்தாளியைக் குறிக்கும் சொல். மிகப் பழைய காலத்திலேயே தாய்லாந்து மொழியின் குடும்பத்துக்குள் வந்துவிட்டது. லாவோஸிலும் பர்மாவின் ஷான் மக்களிடமும் கூட உண்டு. அதே சீனச் சொல் பிற்காலத்தில் வேறு உச்சரிப்போடு மறுபடி வந்து, ஹக்கா சீனர்களைக் குறிக்கும் ‘கே’ ஆனது. ஹக்கா என்றாலும் விருந்தாளிக் குடும்பம் என்றுதான் பொருள். தாய்லாந்தில் வரவேற்பறைக்கு ‘ஹொங் ராப் கெக்’. கல்யாண மேடையில் ‘மதிப்புக்குரிய விருந்தினர்களே’ என்பதிலும் இந்தக் கெக்தான். அதே சொல் மேற்கிலிருந்து கப்பலில் வந்த பாரசீகர், அரபியர், இந்தியர், தெற்கே மலாய்க்காரர், ஜாவாக்காரர் எல்லாருக்கும் பொதுப்பெயராகிவிட்டது. அரச நிறுவன அகராதி இந்தியர், இலங்கையர், நேபாளிகள், மலாய்க்காரர் என்று நீட்டிக்கொண்டே போய், மத்திய கிழக்கு மக்களையும் சேர்த்து, யூதர் நீங்கலாக என்று முடிச்சுப் போடுகிறது. சட்டப் பிரிவு மாதிரி இருக்கும், படித்துப் பாருங்கள். காய்கறிக் கடையில் பீன்ஸுக்கு ‘துவா கெக்’. பாங்காக்கின் சீலோம் சாலையில் தமிழர்கள் கட்டிய மகாமாரியம்மன் கோயில் ‘வத் கெக்’. நவராத்திரி ஊர்வலத்துக்குப் போங்கள். கூட்டத்தில் முக்கால்வாசி அந்த ஊர்க்காரர்கள், மஞ்சள் செண்டுமல்லி மாலையோடு சாலையில் உட்கார்ந்திருப்பார்கள். அம்மனுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மே உமா’, உமா அம்மா.

விருந்தாளி என்பதால் மரியாதைச் சொல் என்று உங்களிடம் யாராவது சமாதானம் சொன்னால் அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். பட்டானி மலாய் முஸ்லிம்களைக் கேட்டால் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணிலேயே இருக்கிறவனை விருந்தாளி என்றால் என்ன அர்த்தம், நீ எப்போது கிளம்புவாய் என்பதுதானே? பாம்பையும் கெக்கையும் ஒன்றாகப் பார்த்தால் முதலில் கெக்கை அடி என்று ஒரு மோசமான பழமொழி வேறு புழக்கத்தில் உண்டு. முன்னால் ‘ஐ’ சேர்த்து ‘ஐ கெக்’ என்றால் அது வசவேதான், விட்டுக்கொடுக்க வேண்டாம். காய்கறிக்காரம்மா ‘கெக்’ என்று சொன்னால் பெரும்பாலும் அதில் கெட்ட எண்ணம் இருக்காது. படித்த இளைஞர்கள் இப்போது ‘கொன் இந்தியா’ என்றுதான் சொல்கிறார்கள். நீங்களும் அதையே எதிர்பார்க்கலாம்.

அறிமுகப்படுத்திக்கொள்ள என் யோசனை: ‘ச்சான் பென் கொன் தமின், மா ஜாக் இந்தியா தை கா’. நான் தமிழ்ப் பெண், தென்னிந்தியாவிலிருந்து வருகிறேன். ‘தமின்’ என்ற சொல்லைத் தவிர்க்காதீர்கள். வெறுமனே இந்தியா என்று சொல்லித் தப்பித்தால் அந்தச் சொல்லுக்கு இருக்கிற ஒரே வாழ்க்கை வசவு மட்டும்தான் என்றாகிவிடும். ‘கொன்’ சேர்த்துச் சொல்லுங்கள், பக்கத்திலேயே ஊரையும் சொல்லுங்கள். கேட்கிறவர் முகத்தில் ஒரு கணம் குழப்பம் வரும், அப்புறம் தோசை பற்றியோ சினிமா பற்றியோ கேட்பார். அரசு அகராதியிலிருந்து அந்தப் பொருளை நீக்கச் சொல்லி மனு எழுதலாமா என்று உங்கள் குழுவில் யாராவது கிளம்பினால், அகராதி புழக்கத்தைப் பதிவு செய்கிற இடம், அங்கே கிழிப்பதால் வாயில் மாறாது என்று சொல்லுங்கள்.

கடைசியாக, அந்த அலுவலகக் கேலிக்காரர். அங்கே எல்லாருக்கும் ஒரு ‘ச்சூ லென்’, விளையாட்டுப் பெயர், இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோழி, எலி, ஆப்பிள், பேங்க் என்று எதுவும் பெயராகும். பெரிய அதிகாரிக்குக்கூட உண்டு. உங்களுக்கு இன்னும் ஒன்று அமையவில்லை போலிருக்கிறது, அதனால் அவர் ஒன்றை வைக்கப் பார்க்கிறார். அதற்கு இடம் கொடுக்காமல் நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நாளைக்கே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். ஒன்றிரண்டு அசையில், அவர்கள் வாயில் சுலபமாக வருவதாக இருக்கட்டும். மீனா, நிலா, மல்லி எதுவானாலும் சரி. லகரத்தில் மட்டும் முடிய வேண்டாம், உங்கள் பெயர் கோகில் என்றால் கோகின் ஆகிவிடும். புதுப் பெயரைச் சொன்ன பிறகும் அவர் பழையபடி ‘தமின்’ என்றால், சிரிக்காமல், நேராகப் பார்த்து, ‘மாய் ச்சொப் கா’, பிடிக்கவில்லை என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே சொன்னால் அங்கே அதற்குச் சம்மதம் என்று அர்த்தமாகிவிடும்.